எண்ணெயம்மன் கேட்ட எண்ணெய்

ஆடி மாதத்து முதல் புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, வேலாங்கோம்பை டாக்சி ஸ்டாண்டில் எட்டாவது இடத்தில் அப்போதுதான் வந்து நின்றிருந்த கோகிலவாணியின் வெள்ளை அம்பாசிடர், எட்டு டிரைவர்களும் ஒரு டீக்கடைக்காரரும் இரண்டு நாய்களும் கேட்டுக்கொண்டிருக்க, வாய் திறந்து பேசியது. வண்டி பேசியதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. அந்த ஊரில் அதற்கு முன்பே ஒரு வேப்பமரம் பால் சுரந்திருக்கிறது, ஒரு கிணறு மூன்று நாள் விடாமல் இருமியிருக்கிறது, ஒருமுறை தேர்தலில் ஜெயித்தவர் சொன்னதைச் செய்துகூடக் காட்டியிருக்கிறார். ஊரைத் திடுக்கிட வைத்தது குரல்தான். அது பொம்பளைக் குரலாக இருந்தது.

"ஏனுங் தலைவரே, அம்பாசிடர் ஆம்பள வண்டிதானுங்களே?" என்றார் மூன்றாவது இடத்துக்காரர்.

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார் ஸ்டாண்டுத் தலைவர் நாச்சிமுத்து, தன் வாழ்நாள் முழுக்க யாரோ தன்னை ஏமாற்றிவந்ததைப் போன்ற முகத்துடன்.

வண்டி சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு இருபது ஐம்பது ஊத்துங்க. இப்ப ஊத்தியிருக்கற எண்ணெய் மெல்லிசுங்க. நிக்க மாட்டேங்குது. உள்ளே தேயுதுங்க." கொஞ்சம் கரகரத்த, நடுத்தர வயதுக் குரல்; ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரிடம் இடம் கேட்கிற மரியாதை; திருகலோ மறைபொருளோ எதுவும் இல்லை. ஒரு உயிர் தனக்கு என்ன வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஊர் அந்தத் தெளிவை என்ன பாடுபடுத்தியது என்பதுதான் கதை.

வண்டியின் சொந்தக்காரி கோகிலவாணிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினோரு வருஷம் நூல்மில்லில் மூன்று ஷிப்டும் பார்த்து, இருமினால் பஞ்சு வருகிற அளவுக்கு உழைத்தவள், அப்பா காளியண்ணன் இறந்த பிறகு அவருடைய அம்பாசிடரையும் ஸ்டாண்டில் அவருடைய எட்டாம் இடத்தையும் பிடித்துக்கொண்டாள். மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு நாற்பத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதுதான் பிழைப்பு. பஸ் இரண்டு வேளைதான் போகும். பிரசவத்துக்குத் துடிக்கிறவளும் பரீட்சைக்கு ஓடுகிறவளும் கூப்பிடுவது கோகிலவாணியைத்தான். ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண். அந்த ஸ்டாண்டுக்கு ஒரு சட்டம் உண்டு: தொடர்ந்து ஏழு காலை எந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையோ, எட்டாம் காலை அதன் இடம் போய்விடும். அந்த இடத்துக்கு நாச்சிமுத்துவின் மச்சினன் ஒருவன் புது வண்டியோடு ஒரு வருஷமாக ரோட்டோரத்தில் காத்திருந்தான். இடம் போனால் அவள் மறுபடி மில் கேட்டுக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

மெல்லிசு எண்ணெய் வண்டிக்குள் போனது ஆனிக் கடைசியில். மெக்கானிக் செல்லக்குட்டி ஏதோ ஒரு எண்ணெய்க் கம்பெனி நடத்திய ஒருநாள் கூட்டத்துக்குப் போய்விட்டு, தலையில் ஒரு தொப்பியும் வாயில் நாலு புது வார்த்தைகளுமாகத் திரும்பி வந்திருந்தார். தொண்ணூறு கிலோ செல்லக்குட்டி. "இனிமே எல்லாத்துக்கும் சிந்தெட்டிக்தான் அம்மணி. தண்ணி மாதிரி ஓடும். புது வண்டிக்கெல்லாம் இதுதான்" என்றார். "இது பழைய வண்டியாச்சுங்ளே அண்ணா" என்றாள் கோகிலவாணி. "அப்ப இன்னும் நல்லது. கெழவிக்குப் பட்டுச்சேலை கட்டினா வேண்டாம்னா சொல்லுவா?" என்று ஊற்றிவிட்டார். கிழவியை யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து வண்டிக்குக் கீழே தரையில் கறுப்பு வட்டங்கள் விழுந்தன. மூன்றாம் வளைவிலேயே என்ஜினுக்குள் டேப்பட் தாளம் போட ஆரம்பித்தது. டேஷ்போர்டில் எண்ணெய் விளக்கு சிவப்பாக ஒரு கண்ணைத் திறந்து திறந்து மூடியது. வண்டி தன்னால் ஆன எல்லா பாஷையிலும் சொல்லிப் பார்த்திருக்கிறது. கடைசியில் வேறு வழியில்லாமல் தமிழில் சொன்னது.

அதைக் கேட்டதும் கோகிலவாணி செய்த முதல் காரியம், எதிரே இருந்த மெக்கானிக் கடைப் பக்கம் திரும்பி நின்று, "செல்லக்குட்டி அண்ணா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டதுதான். அதைப் பிற்பாடு அவளால் மறக்க முடியவில்லை. மற்றவர்களைத் திட்டித் தீர்க்கலாம். இதை என்ன செய்வது?

செல்லக்குட்டி வண்டியைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். "ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதே. விசாரிக்கோணும்" என்றார்.

ஊர் விசாரித்தது. அன்று மத்தியானத்துக்குள் டீக்கடை பெஞ்சுகள் போதாமல் பக்கத்துச் சைக்கிள் கடையிலிருந்து ஸ்டூல் வந்தது. இருபது ஐம்பது என்றால் என்ன என்பதற்கு வேலாங்கோம்பையில் அன்றைக்கு இருந்த வாய்களின் எண்ணிக்கைக்குச் சமமாக விளக்கங்கள் கிடைத்தன. ஜோதிடர் அதை இருபதாம் தேதி ஐம்பது நாழிகை என்றார். பஞ்சாயத்துக்காரர் அது இரண்டாயிரத்து ஐம்பதாம் வருஷம், அதற்குள் பாலம் வந்துவிடும் என்றார். ஐம்பது வயதில் மனைவியை இழந்திருந்த தோட்டக்காரர் ஒருவர், அது இருபது வயசுப் பெண்ணை ஐம்பது வயசு ஆண் கட்டிக்கொள்ளலாம் என்று ஆத்தாளே கொடுத்த உத்தரவு என்று முடிவுகட்டி, மறுநாள் காலை தட்டும் பூவுமாகப் பேச்சிமுத்து வீட்டுப் பெண் நிறைமதியைக் கேட்கப் போனார். நிறைமதி வீட்டு நாயை அவிழ்த்துவிட்டாள். அவர் வேட்டியின் கால்வாசி இன்னும் அந்த வேலி முள்ளில்தான் இருக்கிறது.

"எண்ணெயைத்தாங்க சொல்றேன்" என்றது வண்டி, நடுவில் ஒருமுறை. "முதல் நம்பர் குளுந்திருக்கறப்ப எப்படி ஓடும்கறது. ரெண்டாவது, சூடேறினா எவ்வளவு கெட்டியா நிக்கும்கறது. நாப்பது வருசம் ஓடின உடம்புங்க. உள்ளே இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல சந்து விழுந்திருக்கு. தோசைக்கல்லுல மாவு ஊத்தினா நிக்கும், மோர் ஊத்தினா நிக்குமாங்க?"

"பாரு, பாரு, என்ன அழகாப் பேசுது!" என்றார் டீக்கடைக்காரர், கண் கலங்கி.

அதற்குப் பிறகு எண்ணெய் பற்றிய விவாதம் ஆரம்பித்தது, வண்டி சொன்ன எண்ணெய் ஒன்றைத் தவிர மற்ற எல்லா எண்ணெயும் அதில் பேசப்பட்டது. லாரிக்காரர்கள் டீசல் எண்ணெய் என்றார்கள். செல்லக்குட்டி, ஊற்றியது தப்பில்லை, ஊற்றியது போதவில்லை, இன்னும் ஒரு லிட்டர் சிந்தெட்டிக் வேண்டும் என்றார். தப்பு என்று தெரிந்த பிறகு அதையே இன்னும் கொஞ்சம் செய்வதை அனுபவம் என்று சொல்கிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் விளக்கெண்ணெய் என்றார், அந்தக் காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு அதுதான். கடைசியில் நாச்சிமுத்து எழுந்து, குரல் பொம்பளைக் குரல், மாதமோ ஆடி, கேட்டதோ எண்ணெய், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஆத்தா எண்ணெய் முழுக்குக் கேட்கிறாள், நல்லெண்ணெய்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

உடனே அடுத்த சண்டை. பெண் என்றால் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்க வேண்டும். ஆண் என்றால் சனிக்கிழமை. குரல் பெண்ணாக இருக்கலாம், ஆனால் ஆர்.சி. புத்தகம் காளியண்ணன் பெயரில் இருந்தது, டிரைவர் சீட்டில் இருபத்தைந்து வருஷம் ஆம்பளை உட்கார்ந்திருக்கிறார், ஆகவே வண்டி சனிக்கிழமைதான் என்று ஒரு கட்சி. அப்படியானால் ஆம்பளை ஓட்டுகிற பஸ்ஸெல்லாம் ஆம்பளையா, அம்மன் தேரை ஆம்பளைதானே இழுக்கிறான் என்று மறுகட்சி. ஒன்றரை மணி நேரம் போனது. வண்டியைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்காமல், இரண்டு நாளும் தேய்ப்பது என்று சமரசமானார்கள்.

வெள்ளி ஒருமுறை, சனி ஒருமுறை, வண்டியின் பானெட்டிலும் மட்கார்டிலும் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, பிரசாதமாக ஒரு கரண்டியை எண்ணெய் மூடி திறந்து உள்ளேயும் விட்டார்கள். "உள்ளே வேண்டாங்க, உள்ளே வேண்டாங்க" என்று வண்டி கெஞ்சியது. "வெக்கப்படுது" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மலையூர்களிலிருந்து கூட்டம் வந்துவிட்டது. வெள்ளை அம்பாசிடர் நெற்றியில் மஞ்சளும் கண்ணாடியில் எலுமிச்சம்பழ மாலையுமாக எண்ணெயம்மன் ஆனது. அம்மனின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கோகிலவாணி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுத்தாள். "குடுத்து வெச்சவ நீ" என்று ஆயிரம் பேர் சொன்னார்கள். ஸ்டார்ட் ஆகாத காலைகள் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாலு கழிந்திருந்தன. மலைமேலிருந்து ஒரு பிரசவ அழைப்பு வந்தபோது அவள் போகமுடியவில்லை. அந்தப் பெண்ணை நாலு பேர் கட்டிலோடு பதினேழு வளைவு தூக்கிவந்து பஸ் பிடித்தார்கள். கட்டில் எண்ணெயம்மனைக் கடந்தபோது தூக்கியவர்கள் ஒரு கணம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

திங்கட்கிழமை நாச்சிமுத்து தனியாக வந்து பேசினார்.

"அம்மணி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. ஓடற வண்டிக்கு எப்படிக் கோயில் கட்டறது? புதன்கிழமை காலைல டயரைக் கழட்டிட்டு, செங்கல் பீடத்துல ஏத்திரலாம். மேல தகரக் கொட்டாய். உனக்குப் பூசாரி வேலை."

"எனக்கு டிரைவர் வேலை இருக்குதுங்க."

"புதன்கிழமையோட ஏழு காலை முடியுது. சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?"

"சட்டத்தைச் சொல்றீங்களா, சாமியைச் சொல்றீங்களா?"

"ரெண்டும் ஒரே பக்கம் நிக்கறப்ப எதைச் சொன்னா என்ன?" என்று சிரித்துவிட்டுப் போனார். இதுவரைக்கும் அந்த ஊரில் யாரும் சொன்னவற்றிலேயே மிக நேர்மையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், உச்சி வெயிலில், கூட்டமெல்லாம் அன்னதானப் பந்திக்குப் போயிருந்தபோது, கோகிலவாணி வண்டிக்குள் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டெல்லாம் சாம்பிராணி வாசம். குரல் இப்போது மிகவும் தேய்ந்திருந்தது, பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும்.

"நாச்சிமுத்து கேக்கமாட்டார்னு எனக்குத் தெரியும்" என்றது வண்டி. "செல்லக்குட்டி கேக்கமாட்டார்னும் தெரியும். நீ கேப்பேன்னு நெனச்சேன், கோகிலா."

முதல் தடவையாக 'ங்க' போடாமல் பேசியது. அவளுக்குக் காது சிவந்தது. மில்லில் இருந்தபோது சூப்பர்வைசரிடம் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாள், அவர் திரும்பி, அவளைக் கூட்டிப்போக வந்திருந்த அப்பாவிடம், "உம் பொண்ணுக்கு என்னய்யா?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் எரிந்த எரிச்சல் என்ன! இந்த ஏழு நாளும் அவள் செய்ததும் அதுதானே?

"உன் பேச்சை நம்பலைன்னு இல்ல" என்றாள், சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான வாதம் என்று தெரிந்து. "கெடுத்துப்புட்டா என்ன பண்றதுன்னு பயம். நானே முடிவு பண்ணித் தப்பாப் போனா, பொம்பளை ஓட்டின வண்டின்னுதான் சொல்லுவாங்க."

"இப்ப மட்டும் என்ன சொல்றாங்களாம்?" என்றது வண்டி.

அவள் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வண்டியோடு கூடவே வந்த கையேடு இருந்தது. காளியண்ணன் அதை மஞ்சள் துணியில் சுற்றி, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை நாளில் புத்தகம் படிக்கக்கூடாது என்பதால் படிக்காமல், மறுநாள் பிரிக்க மறந்து, மறுபடி உள்ளே வைத்தவர். அத்தனை வருஷப் பூஜையில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அது கிட்டத்தட்ட ஒரு செங்கல் ஆகியிருந்தது. அந்த ஊரில் அதைவிட அதிகமாகக் கும்பிடப்பட்ட புத்தகமும் இல்லை, அதைவிடக் குறைவாகப் படிக்கப்பட்ட புத்தகமும் இல்லை. அவள் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, நகத்தால் ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். முப்பத்தோராம் பக்கத்தில், குங்குமக் கறைக்கு அடியில், எண்ணெய் என்ற கட்டத்தில் இருந்தது: இருபது, ஒரு எழுத்து, ஐம்பது.

"நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றது வண்டி.

"இல்ல" என்றாள். புத்தகத்தை மூடிவிட்டாள். புத்தகம் சொன்ன பிறகுதான் நம்பினோம் என்பதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வண்டிச் சாமான் விற்கிற இஸ்மாயில் பாய் கடையில் கேட்டபோது, அவர் கீழ்த்தட்டில் கைவிட்டுத் தூசி படிந்த ஒரு கேனை எடுத்து வைத்தார். "பழைய டிராக்டர் வெச்சிருக்கறவங்க வாங்குவாங்க. போன வாரமே கேட்டிருந்தா போன வாரமே குடுத்திருப்பேனே."

"நீங்களும் கூட்டத்துல இருந்தீங்களே பாய்."

"இருந்தேன். கடைக்காரன் வாயைத் தொறந்தா யாவாரம் பேசறான்னுவாங்க. அதுவுமில்லாம, அங்க எண்ணெயப் பத்தி யாரு பேசினா?"

புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கோகிலவாணி சுடிதாருக்கு மேல் அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு பழைய தகர பேசினும் ஸ்பேனருமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். அடிமூடியின் போல்ட்டைக் கழற்றியதும் கறுப்புத் தண்ணீராகக் கொட்டியது, சிந்தெட்டிக்கும் நல்லெண்ணெயும் கலந்து, தாளித்த வாசனையோடு. சொட்டு நிற்கும்வரை பொறுத்திருந்தாள். போல்ட்டை முடுக்கிவிட்டு வெளியே தவழ்ந்து வந்தபோது மேளச்சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது: முன்னால் நாச்சிமுத்து, பின்னால் ஜாக்கியும் செங்கலுமாக டிரைவர்கள், தொப்பியோடு செல்லக்குட்டி, அவர்களுக்குப் பின்னால் மாவிளக்கு ஏந்திய பெண்கள், அதில் நாச்சிமுத்துவின் மனைவி சிவகாமியும்.

"ஏய் அம்மணி! ஆத்தா வயித்துல கை வெக்கறயா?" என்று கத்தினார் நாச்சிமுத்து. மேளம் நின்றது.

கோகிலவாணி முகத்தில் வழிந்த எண்ணெயைத் துடைக்கவில்லை. "வெக்கறேன். ஆத்தா என்ன கேட்டான்னு உங்கள்ல யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. சொல்லிட்டா நான் ஸ்பேனரைக் கீழ போட்டுட்டுப் போறேன்."

ஒருவர் பாலம் என்றார். ஒருவர் முழுக்கு என்றார். ஒருவர், அவள் எதுவும் கேட்கவில்லை, கேட்பது மனுஷ குணம், அவள் கொடுக்கத்தான் வந்தாள் என்று அழகாகச் சொன்னார், இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

"இருபது ஐம்பது எண்ணெய் ஊத்தச் சொல்லுச்சு" என்றாள் சிவகாமி, மாவிளக்குத் தட்டைக் கைமாற்றிக்கொண்டே. "மொத நாளே சொல்லுச்சு. நான் பால் வாங்க வந்தப்ப என் காதுல விழுந்துச்சே."

"நீ ஏன் அப்பவே சொல்லல?" என்றார் நாச்சிமுத்து.

"சொன்னேன்" என்றாள் சிவகாமி. "உங்களுக்குச் சோறு போட்டுட்டே சொன்னேன். குழம்புல உப்புப் பத்தலைன்னீங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, மாவிளக்குகள் எல்லாம் ஆடின. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கோகிலவாணி மூடியைத் திறந்து கேனைச் சாய்த்துவிட்டாள். எண்ணெய் தேன்போல, அவசரமே இல்லாமல், மடிந்து மடிந்து உள்ளே இறங்கியது. அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரு இருமல். இன்னொரு இருமல். சிவப்பு விளக்கு ஒரு கண்ணை அவளைப் பார்த்துத் திறந்தது, நெடுநேரம் திறந்தே இருந்தது, பிறகு மூடிக்கொண்டது. என்ஜின் தன்பாட்டுக்கு, தாளம் தப்பாமல், முனகலில்லாமல் ஓடத் தொடங்கியது.

"மணி ஆறு ஐம்பது" என்றாள் கோகிலவாணி. "ஏழாங் காலை. எழுதிக்கோங்க தலைவரே."

அவருடைய மச்சினன் ரோட்டோரத்தில் தன் புது வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அன்றோடு வண்டி பேசுவதை நிறுத்தியது. ஊர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தது, பிறகு கொதித்தது. ஐம்பத்து மூன்று கையெழுத்தோடு ஒரு மனு எழுதப்பட்டது: ஆத்தா வாய் மூடியதற்குக் காரணம் அந்தக் கெட்டி எண்ணெய்தான், ஊர் நன்மைக்காகக் கோகிலவாணி அதை இறக்கிவிட்டுப் பழைய மெல்லிசு எண்ணெயையே ஊற்ற வேண்டும், ஆத்தா மறுபடி பேச வேண்டும். வலித்தால்தான் பேசுகிறாள் என்பது அவர்களுக்கு முன்பே புரிந்திருந்தது என்று அந்த மனுவிலிருந்து தெரிந்தது. செல்லக்குட்டி முதல் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு தன் ஒர்க்‌ஷாப் வாசலில் 'எண்ணெயம்மன் அருள்பெற்றது' என்று போர்டும் வைத்தார்.

கோகிலவாணி மனுவை வாங்கி, நாலாக மடித்து, கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டாள்.

ஆடிக் கடைசியில் ஒரு காலை, மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர நிறைமதி அவள் வண்டியில் ஏறினாள். நாயை அவிழ்த்துவிட்ட அதே நிறைமதி. பதினேழாம் வளைவு வரைக்கும் பொறுத்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, இதுதான் பேசின வண்டியா?"

"ஆமா."

"இப்ப ஏன் பேசறதில்ல?"

"சொல்றதுக்கு இப்ப ஒண்ணும் இல்ல போல."

நிறைமதி முன்னால் குனிந்து, டேஷ்போர்டைப் பார்த்து, கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டாள்: "இப்ப எப்படி இருக்கீங்க?"

வண்டி ஒரு வளைவு ஏறி முடித்தது. பிறகு, அந்தப் பழைய கரகரத்த குரலில், "நல்லா இருக்கேன், சாமி. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினா எண்ணெய மாத்திடச் சொல்லு" என்றது.

"சரி" என்றாள் கோகிலவாணி, கியரை மாற்றிக்கொண்டே. மைல் மீட்டரை ஒருமுறை பார்த்து மனசில் குறித்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை.